பின்பக்கம் உட்கார்ந்தவர்கள்

ஹேரின் செய்துவைத்த உருவத்துக்குப் பின்னால் உட்கார நேர்ந்தவர்களுக்கு வரைய ஒன்றும் அகப்படவில்லை.

முப்பரிமாண வடிவ வகுப்பில் பாங் சாரின் வழக்கம் அது. ஒவ்வொரு பயிற்சி முடிந்ததும் மாணவர்கள் செய்துகொண்டு வந்ததை அறை நடுவே ஓர் உயரமான முக்காலியில் வைக்கச் சொல்வார். சுற்றிலும் நாற்காலிகள். யார் எந்த நாற்காலி என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிப்பார்கள். அவரவர் இடத்திலிருந்து என்ன தெரிகிறதோ அதை அவரவர் வரையவேண்டும். வரைந்த தாள்களையெல்லாம் சுவரில் குத்தி, அவற்றின் முன்னால் ஒரு நடை நடந்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார். செய்தவர் எழுந்து விளக்கம் சொல்ல அனுமதி கிடையாது.

"பொருளை வாங்கிட்டுப் போறவன் வீட்டுக்கெல்லாம் நீ கூடவே போய் விளக்கம் சொல்லப் போறியா?" என்று முதல் நாளே கேட்டுவிட்டார்.

இரண்டாவது பயிற்சி மெல்லிய மரக்குச்சிகளால். ஹேரின் அதில் ஒரு கடற்பறவையைக் கிளப்பியிருந்தாள். கதவுப் பக்கமிருந்து பார்த்தால் அலையிலிருந்து சிறகை உதறிக்கொண்டு எழும்புகிற மாதிரி இருந்தது. அந்தப் பக்கம் உட்கார்ந்தவர்கள் ரசித்து ரசித்து வரைந்தார்கள். பக்கவாட்டில் இருந்தவர்களுக்குக் கட்டிவைத்த விறகு தெரிந்தது. பின்னால் இருந்தவர்களுக்கு முட்டுக்கொடுத்த குச்சிகளும் பசைத் திட்டுகளும்.

சுவரில் தாள்கள் ஏறின. பாதித் தாள்களில் பறவை. மீதிப் பாதியில் கிட்டத்தட்ட வெள்ளைக் காகிதம். கட்டாய ராணுவ சேவை முடித்துவிட்டுப் படிப்புக்குத் திரும்பிய தேசிக், வகுப்பிலேயே வயதில் மூத்தவன். அவன் தாளில் ஒரே ஒரு பசைத் துளி இருந்தது, வெகு நேர்த்தியாக, நிழல் பளபளப்பெல்லாம் போட்டு.

"இதென்ன?" என்றார் பாங் சார்.

"பசை சார். என் இடத்துல இருந்து அதுதான் நல்லாத் தெரிஞ்சுது."

வகுப்பு சிரித்தது. ஹேரினுக்குக் காது சூடேறியது.

"ஹேரின், போன தடவை காகிதத்துல சொன்னதேதான். இதுக்கு முதுகு இல்ல" என்றார் பாங் சார். அடுத்தவரின் உருவத்தை முக்காலியில் வைக்கச் சொல்லிவிட்டார்.

அவர் சொன்னது அவளுக்குப் புரியாமல் இல்லை. புரிந்துதான் தொலைத்தது. எரிச்சலே அங்கேதான்.

பள்ளிக்கூட நாட்களில் சொந்த ஊரான கிம்ஹேயில், பஸ் நிலையத்துக்கு மேல் மாடியில் இருந்த ஓவியக் கோச்சிங் சென்டரில்தான் அவளுடைய சாயங்காலங்கள் கழிந்தன. நுழைவுத் தேர்வில் ஒரு பொருளைக் கொடுப்பார்கள். குறித்த நேரத்துக்குள் ஒரே தாளில் அதைத் தத்ரூபமாக வரையவேண்டும். அதற்கு ஒரு கோணம் உண்டு. பொருளைக் கொஞ்சம் திருப்பி, கொஞ்சம் மேலிருந்து பார்க்கிற கோணம். வெளிச்சம் எப்போதும் இடப்பக்கம் மேலே. ஹேர் டிரையர், குடை, பானக் கேன், சாவிக்கொத்து என்று எதைக் கொடுத்தாலும் அந்தக் கோணத்தில் திருப்பி நிறுத்திவிடுவாள் ஹேரின். அவள் வரைந்த ஹேர் டிரையரைப் பார்த்தால் காற்று வருகிறதா என்று கையை நீட்டத் தோன்றும். சென்டர் வாசலில் அதைச் சட்டம் போட்டு மாட்டியும் வைத்தார்கள்.

அந்தக் கோணம்தான் அவளைப் பூசானில் மலைச்சரிவில் இருந்த இந்தக் கல்லூரிக்குள் கொண்டுவந்து சேர்த்தது. ஆனால் உள்ளே வந்த பிறகு கதை வேறு. முதல் வருஷம் வடிவமைப்பு மாணவர்கள் எல்லோரும் ஒன்றாகப் படிப்பார்கள். வருஷக் கடைசியில் பிரித்துவிடுவார்கள். பொருள் வடிவமைப்புப் பிரிவுக்குத்தான் கூட்டம், அங்கே இடம் கொஞ்சம். யாரை எடுப்பது என்பதற்கு அவர்கள் பார்ப்பது பாங் சார் வகுப்பின் மதிப்பெண் ஒன்றைத்தான். கிடைக்காதவர்கள் காட்சி வடிவமைப்புக்குப் போகவேண்டும். போஸ்டர், அட்டை, எழுத்துரு.

ஹேரினுக்குப் போஸ்டர் வேண்டாம். எத்தனையோ ஹேர் டிரையர்கள் வரைந்தாயிற்று. தான் வடிவமைத்த ஒன்றை யாராவது கையில் பிடித்துத் தலை உலர்த்தவேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. கல்லூரி விண்ணப்பத்தில்கூட அதை அப்படியேதான் எழுதியிருந்தாள்.

கேன்டீனில் தேசிக் தன் தட்டோடு வந்து எதிரே உட்கார்ந்தான். பக்கத்தில் வகுப்புத் தோழி மிரே ஏற்கெனவே சூப்பை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

"கோவமா?" என்றான்.

"இல்லண்ணா. பசையை ரொம்ப நல்லா வரைஞ்சிருந்தீங்க. சென்டர்ல மாட்டலாம்."

"கோவம்தான். மிரே, அந்த முள்ளங்கி ஊறுகாயை இவ பக்கம் தள்ளு, கொஞ்சம் ஆறட்டும்."

மிரே தள்ளினாள். அவளுக்கு வரையவே வராது. வரைதல் தேர்வே இல்லாமல் மதிப்பெண்ணும் நேர்காணலும் பார்த்துச் சேர்க்கிற ஒதுக்கீட்டில் வந்தவள். கோச்சிங் சென்டர்களில் ராப்பகலாகப் பென்சில் சீவி வந்தவர்களுக்கு அப்படி வந்தவர்கள் மேல் ஒரு இளக்காரம் எப்போதும் உண்டு. ஹேரினுக்கும் இருந்தது. சுவரில் ஏறும் தாள்களில் மிரேயுடையது எது என்று கேட்கவே வேண்டாம், உருளைக்கிழங்குக்குக் கால் முளைத்த மாதிரி இருப்பதுதான். ஆனால் அவள் குச்சிகளால் செய்த உருவம் முக்காலியில் ஏறியபோது சுவரில் ஒரு தாளைப்போல் இன்னொரு தாள் இல்லை. பாங் சார் அவள் சுவருக்கு முன்னால் மட்டும் இரண்டு நடை நடந்தார்.

"நீ எப்படிடி செய்யற?" என்றாள் ஹேரின். கேட்டுவிட்டு, கேட்டிருக்கக் கூடாது என்று நினைத்தாள்.

"தெரியலடி. ஒட்டுவேன். விழும். திரும்ப ஒட்டுவேன்."

"முதல்ல வரைஞ்சு பாப்பியா?"

"நான் வரைஞ்சதப் பாத்துச் செஞ்சா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாரு" என்று சொல்லிவிட்டு மிரேயே முதலில் சிரித்தாள்.

மூன்றாவது பயிற்சி அட்டையில். இந்தத் தடவை ஹேரின் உஷாராக இருந்தாள். முதுகு இல்லை என்றுதானே சொன்னார்? சரி, முதுகு வைத்துவிட்டால் போயிற்று. நான்கு பக்கத்துக்கும் நான்கு தனித்தனித் தாள்களில் வரைந்துகொண்டாள். ஒன்றில் மடிப்புகள் விசிறியாக விரிந்தன. ஒன்றில் படிக்கட்டுகள் இறங்கின. ஒன்றில் சுருள். இன்னொன்றில் வட்டத்துக்குள் வட்டம். அட்டையை வெட்டி, மடித்து, ஒட்டி, நான்கையும் சேர்த்து நிறுத்தியபோது, மாட்டிக்கொண்டார் பாங் சார் என்று அவளுக்குத் தோன்றியது. அதை அணைத்துப் பிடித்தபடி மெட்ரோவில் நின்றுகொண்டே வந்தாள். யார் தோளும் இடிக்காமல் கதவோரம் முதுகைக் காட்டி நின்றாள்.

முக்காலியில் ஏறியது. சீட்டுக் குலுக்கினார்கள். பென்சில்கள் ஓடின. கொஞ்ச நேரத்தில் மூலைப் பக்கத்திலிருந்து ஒரு குரல்.

"சார், எனக்கு எந்தப் பக்கமும் முழுசாத் தெரியல. ரெண்டு பக்கமும் ஓரம்தான் தெரியுது. நடுவுல ஒட்டுன கோடு."

"அதையே வரை."

தாள்கள் சுவரில் ஏறின. விசிறி, படிக்கட்டு, சுருள், வட்டம். அவற்றுக்கு நடுநடுவே நெட்டுக்குத்தாக ஒரே ஒரு கோடு போட்ட தாள்கள்.

பாங் சார் நடந்தார். நின்றார். "ஒரு பொருள் கேட்டேன். நாலு போஸ்டரை ஒட்டிக் கொண்டு வந்திருக்க."

வாயைத் திறக்கக் கூடாது என்பது விதி. ஹேரின் திறந்துவிட்டாள். "சார், எல்லாப் பக்கமும் முகம் வச்சிருக்கேனே!"

"வச்சிருக்க. மூலையில உக்காந்தவங்க என்ன பாவம் பண்ணாங்க?"

சிரிப்பு எழுந்தது. தேசிக் மட்டும் சிரிக்கவில்லை. அன்றைக்கு மூலையில் உட்கார்ந்திருந்தவர்களில் அவனும் ஒருவன்.

போஸ்டர் என்ற சொல்தான் அவளைக் குத்தியது. காட்சி வடிவமைப்புக்குப் போ என்று இப்போதே சொல்லிவிட்ட மாதிரி. மலைச்சரிவில் இறங்கும் சின்ன பஸ்ஸுக்காக மிரேயோடு நின்றிருந்தபோது கடல் பக்கமிருந்து காற்று அடித்து, கையிலிருந்த அட்டை உருவத்தின் விசிறிப் பக்கத்தைப் பிய்த்தது. ஹேரின் மீதியையும் பிய்த்துக் குப்பைத் தொட்டிக்குள் திணித்தாள்.

"ஏய், பத்திரமா வைடி. கடைசியில போட்டோ கேப்பாங்க" என்றாள் மிரே.

"உனக்கென்ன? நீ எதைச் செஞ்சாலும் அவருக்குப் பிடிக்குது."

"அதுக்கு நான் என்னடி பண்ணுவேன்?"

"வரையவே தெரியாத உனக்கெல்லாம் எப்படி இடம் குடுத்தாங்கன்னு எனக்குப் புரியவே இல்ல."

மிரே பஸ் வரும் வளைவைப் பார்த்தாள். "நேர்காணல்ல சிரிச்சேன்" என்றாள். அப்புறம் குரல் மாறியது. "உங்களுக்கெல்லாம் என்னைப் பத்தி அந்த நினைப்புதான்னு எனக்குத் தெரியாதா? நான் வரையும்போது ஒவ்வொருத்தரும் எட்டிப் பாத்துட்டுத் திரும்பிக்கறீங்களே, எனக்குத் தெரியலன்னு நினைச்சியா? நீயாவது சொல்லாம இருப்பேன்னு நினைச்சேன்."

பஸ் வந்தது. மிரே முன்னால் போய் உட்கார்ந்தாள். ஹேரின் பின்னால் நின்றாள். அதற்குப் பிறகு இருவரும் ஒரே மேஜையில் சாப்பிடவில்லை.

கடைசிப் பயிற்சி: இரண்டு கைகளாலும் தூக்கிப் பிடிக்கிற மாதிரி ஒரு திட வடிவம். குளிர் புகாமல் இருக்கச் சுவருக்குள் வைப்பார்களே, அந்த இளஞ்சிவப்புத் தெர்மாகோல் கட்டியில் செதுக்கவேண்டும். மேலே பட்டி பூசி, காயவிட்டு, உப்புத்தாளால் தேய்த்து, திரும்பப் பூசி, திரும்பத் தேய்த்து, கடைசியில் சாம்பல் நிறம் அடிக்கவேண்டும். நிறமே ஒன்றுதான் என்பதால் வண்ணத்தில் ஒளிந்துகொள்ள முடியாது. பொருள் வடிவமைப்பில் இடம் வேண்டுமென்றால் இதில் மதிப்பெண்ணைத் தூக்கியே ஆகவேண்டும் என்று ஹேரினுக்குத் தெரியும்.

வரைந்துகொண்டாள். செதுக்கினாள். ஒரு பக்கம் வளைந்து இறங்கி, கைக்கு இடம் விட்டு, மறுபடி ஏறியது. அந்தப் பக்கத்தைத் தேய்த்துத் தேய்த்து உரித்த முட்டைபோல் ஆக்கினாள். மற்ற பக்கங்களுக்கு வரும்போது பொறுமை போய்விட்டது. பட்டியை மெல்லிசாக இழுத்துவிட்டு, சரியாகக் காய்வதற்குள் கட்டடத்தின் பின்புறம் கொண்டுபோய் ஸ்ப்ரேயைக் குலுக்கினாள்.

பட்டி மூடாத இடத்தில் ஸ்ப்ரே பட்டால் தெர்மாகோல் கரைந்துவிடும். இதை முதல் வாரத்திலேயே சொல்லியிருந்தார்கள், சுவரில் எழுதியும் ஒட்டியிருந்தார்கள். ஹேரின் முன்பக்கத்தைத்தான் கவனமாக அடித்தாள். ஆனால் டிசம்பர் காற்று நிறத்தை அவள் சொன்ன பக்கம் போகவிடவில்லை. ஓரங்களில் சுற்றிப் போய் ஒட்டியது. மெல்லிய சுர்ரென்ற சத்தம். ஓரம் குழியாகி, குழி ஆழமாகி, முட்டை மாதிரி இருந்த முன்பக்கம் உள்ளே ஆதாரம் இல்லாமல் தோலாகத் தொங்கி நடுவே மடிந்து விழுந்தது.

தேசிக் புகை பிடிக்க அந்தப் பக்கம் வந்தான். பார்த்தான். லைட்டரைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

"முதல் வாரமே சொன்னாங்களேம்மா."

"தெரியும்ணா."

"பட்டி ரெண்டு தடவையாவது..."

"தெரியும்ணா! எல்லாம் தெரியும்! எனக்குத் தெரியாததுன்னு இந்த வகுப்புல எதுவுமே இல்ல, அதுதான் பிரச்சினையே!"

காலால் ஒரு உதை விட்டாள். எடையே இல்லாத கட்டி, உதைத்த திருப்திகூடத் தராமல் காற்றில் மிதந்து செடிக்குள் விழுந்தது. தேசிக் போய் அதை எடுத்துவந்து குப்பைப் பையில் போட்டான். "என்கிட்ட ரெண்டு துண்டு மிச்சம் இருக்கு. ஒட்டினா ஒரு கட்டி தேறும்" என்றான்.

ஒட்டினாள். புதிதாக வரைந்து பார்க்க நேரமும் இல்லை, மனசும் இல்லை. வயலட் நிறச் சிலிப்பர் மாட்டிய கால்களுக்கு நடுவே கட்டியை இடுக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்து, கோபமாகச் செதுக்கினாள். கொஞ்ச நேரத்திலேயே ஒரு பக்கம் அழகாகத் திரண்டு வந்தது. பழகிய கை அதையே நீவப் போயிற்று. அவளுக்குத் தன் கை மேலேயே ஆத்திரம் வந்தது. அந்த அழகான பக்கத்தைக் கீழே போட்டு, அதன் மேலேயே கட்டியை உட்காரவைத்தாள். இனி அது தெரியாது. மேலே வந்த விகாரமான பக்கத்தைச் செதுக்கினாள். அது அழகாக ஆரம்பித்ததும் அதையும் கீழே கவிழ்த்தாள். இப்படிப் பழிவாங்குவதுபோல் நாள் முழுக்க உருட்டிக்கொண்டே இருந்தாள். பட்டி பூசியபோதும் அப்படித்தான். எந்தப் பக்கத்தைத் தேய்த்து முடித்தாள், எதை முடிக்கவில்லை என்பதே குழம்பிப்போனதால் எல்லாவற்றையும் திரும்பத் தேய்த்தாள். பக்கத்து மேஜையில் மிரே தலைநிமிர்ந்து பார்த்தாள். தன் உப்புத்தாளில் பாதியைக் கிழித்து இந்தப் பக்கம் வீசினாள்.

"நான் பஸ் ஸ்டாப்புல பேசினது..." என்றாள் ஹேரின்.

"தேய்டி முதல்ல. அப்புறம் பேசிக்கலாம்."

சாம்பல் நிறம் ஏறி நின்றபோது அது என்ன என்று கேட்டால் ஹேரினாலேயே சொல்லமுடியாது. கூழாங்கல் மாதிரி இருந்தது, தூங்குகிற பிராணி மாதிரியும் இருந்தது. பிடிக்கவில்லை. அம்மா போட்டோ அனுப்பச் சொல்லியிருந்தாள். ஒரு போட்டோ எடுத்தாள், அது இல்லை என்று தோன்றியது. நகர்ந்து இன்னொன்று எடுத்தாள், அதுவும் இல்லை. எரிச்சலில் எடுத்த எல்லாவற்றையும் அனுப்பிவைத்தாள்.

அம்மாவிடமிருந்து பதில் வந்தது: "இவ்ளோ செஞ்சியா? எது நல்லாயிருக்குன்னு உங்க சார் சொன்னார்?"

ஹேரின் அனுப்பிய போட்டோக்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். "எல்லாம் ஒண்ணுதாம்மா" என்று பதில் அனுப்பினாள்.

முக்காலியில் ஏற்றியபோது யாரும் குரல் எழுப்பவில்லை. வரைந்துகொண்டே இருந்தார்கள். தாள்கள் சுவரில் ஏறின. ஒன்றைப்போல் ஒன்று இல்லை. மிரேயின் தாளில் உருளைக்கிழங்கு ஒன்று குப்புறப் படுத்திருந்தது, அதுகூடச் சரிதான் என்று பட்டது. பாங் சார் நடந்தார். சுவர்க் கோடி வரைக்கும் போனார். ஹேரின் அவர் முதுகையே பார்த்தாள். இப்போதாவது ஒரு வார்த்தை.

"ம்" என்றார் பாங் சார். "அடுத்தது யாருது?"

டிசம்பர் கடைசியில் மதிப்பெண் வந்தது. பி பிளஸ். பிரிவு ஒதுக்கீடும் பின்னாலேயே வந்தது. மிரேவுக்கும் தேசிக்குக்கும் பொருள் வடிவமைப்பு. ஹேரினுக்குக் காட்சி வடிவமைப்பு.

மதிப்பெண்ணில் ஆட்சேபம் இருந்தால் ஆசிரியரைப் பார்க்க ஒரு வாரம் தருவார்கள். மாணவர்கள் வழக்கமாகக் குழைந்து குழைந்து மின்னஞ்சல் அனுப்புவார்கள். ஹேரின் நேராகவே போனாள். பாங் சார் அறையில் ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் கப் நூடுல்ஸ் மூடியைத் திறந்துகொண்டிருந்தார்.

"ஏத்திப் போடச் சொல்லி வந்திருக்கியா?"

"கடைசிப் பயிற்சி நல்லா இல்லியா சார்?"

"நல்லா இருந்துது. வகுப்புலயே நல்லா இருந்த ரெண்டு மூணுல அதுவும் ஒண்ணு."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே சார்!" குரல் அவளை மீறி உயர்ந்துவிட்டது.

"சொன்னேனே. 'ம்'னு." நூடுல்ஸைக் கிளறினார். "ஆனா நாலு பயிற்சில ஒண்ணுதான் அது. ஏ கிரேடு குடுக்க இத்தனை பேருக்குத்தான்னு அளவு வச்சிருக்காங்க. உன்னோட காகிதத்தையும் குச்சியையும் அட்டையையும் எந்தக் கணக்குல சேக்கறது? பி பிளஸே கொஞ்சம் தாராளம்."

எதிர்த்துப் பேச அதில் இடம் இல்லை என்பதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. "அப்ப அடுத்த வருஷம் இந்த வகுப்பைத் திரும்ப எடுக்கறேன் சார். எடுத்துட்டு, பிரிவு மாத்த விண்ணப்பிக்கறேன்."

"முடியாது. சி பிளஸும் அதுக்குக் கீழயும் வாங்கினவங்கதான் திரும்ப எடுக்கலாம். நீ நல்ல மார்க் வாங்கியிருக்க."

ஹேரின் எதிரே இருந்த நாற்காலியில், அவர் சொல்லாமலேயே உட்கார்ந்தாள். ஹீட்டர் டிக் டிக்கென்றது. அவர் ஒரு வாய் உறிஞ்சினார்.

"அப்படின்னா சி பிளஸ் போட்டுடுங்க சார்."

பாங் சார் நூடுல்ஸ் குச்சிகளைக் கீழே வைத்தார். "வருஷத்துக்கு ஒருத்தராவது இப்படி வந்து நிக்கறீங்க. மறுநாளே அம்மாவக் கூட்டிட்டு வந்து திரும்ப ஏத்தச் சொல்வீங்க. ஒருதடவ குறைச்சா நான் ஏத்த மாட்டேன்."

"ஏத்த வேணாம்."

"புதுசா வர்ற பசங்களோட உக்காரணும். காகிதத்துல இருந்து ஆரம்பிக்கணும். பாஸாயிடுவேன்னு நான் உறுதி குடுக்கல. பிரிவு மாத்தறது என் கையில இல்ல, கிடைக்காமலும் போகும். உன் மார்க்ஷீட்ல ஒரு வருஷத்துக்கு சி பிளஸ் பல்லை இளிச்சிட்டு நிக்கும்."

"தெரியும் சார்."

"உனக்கு எல்லாம் தெரியுது" என்றார், முதல்முறையாகச் சிரித்து. கணினிப் பக்கம் திரும்பித் தட்டினார். உறுதிதானா என்று திரை கேட்டது. அவர் அவளைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். அழுத்திவிட்டார்.

வெளியே வந்து சரிவில் இறங்கும்போது ஹேரின் அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"என்ன ஆச்சு? ஏத்திப் போட்டாரா?"

"இல்லம்மா. குறைஞ்சிருக்கு."

"குறைஞ்சிருக்கா? என்ன மனுஷண்டி அவன்? ஆட்சேபம் சொல்லப் போன பிள்ளைக்குக் குறைச்சுப் போடுவானா? இரு, நான் நாளைக்கே முதல் ரயில்ல வர்றேன், அந்த ஆளு முன்னாடி வந்து நின்னு..."

"அம்மா. நான்தான் குறைக்கச் சொன்னேன்."

அந்தப் பக்கம் வசவு தொடங்கியது. ஹேரின் போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, அம்மா மூச்சு வாங்க நிறுத்தும் இடத்துக்காகக் காத்தபடி நடந்தாள்.